கடையைச் சாத்தும் முன் கணக்கைத் தீருங்கள்

ப்ளேஸ்டேஷன் 3 வைத்திருக்கும் ஒருவர் இன்றைக்குக் காசு கொடுத்து ஒரு கேம் வாங்க நினைத்தால், முதலில் அந்த மெஷினை விட்டு எழுந்து போக வேண்டும். 2021 அக்டோபர் இறுதியிலிருந்து, அந்த மெஷினுக்குள் இருக்கும் கடையில் கிரெடிட் கார்டும் செல்லாது, டெபிட் கார்டும் செல்லாது. கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ போய் வாலட்டில் பணம் ஏற்ற வேண்டும். சரி, கம்ப்யூட்டர் வரை வந்தாயிற்றே, அங்கேயே கேமையும் வாங்கிவிடலாம் என்றால் முடியாது. 2020 அக்டோபரில் இணையதளக் கடையிலிருந்து பிஎஸ்3 கேம்கள் முழுவதையும் சோனி நிறுவனம் எடுத்துவிட்டது. பணம் கட்டுவது ஓரிடம், பொருள் கிடைப்பது வேறிடம்.

பணம் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால் அடுத்தது பாஸ்வேர்டு. அக்கவுன்ட் பாதுகாப்புக்காக டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு வைத்திருப்பவருக்கு வழக்கமான பாஸ்வேர்டு பிஎஸ்3-இல் வேலை செய்யாது. செல்போனுக்கு வரும் குறியீட்டைக் கேட்கும் வசதி இந்தப் பழைய மெஷினுக்கு இல்லை. அதற்கென்று 'டிவைஸ் செட்டப் பாஸ்வேர்டு' என்று தனியாக ஒன்றை அக்கவுன்ட் பக்கத்தில் உருவாக்க வேண்டும். விஷயம் தெரியாதவர்கள் பாஸ்வேர்டு மறந்துவிட்டதோ என்று நினைத்து அதை மாற்றுவார்கள். மாற்றிய பிறகும் உள்ளே போக முடியாது. உருவாக்கிய புதிய பாஸ்வேர்டையும் டிவி திரையில் தெரியும் கீபோர்டில், கன்ட்ரோலரால் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து நகர்ந்து அடிக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் என்று கலந்து வருவதில் ஒன்று தப்பினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கேம் வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி டவுன்லோட். வீட்டில் எவ்வளவு வேகமான ஃபைபர் இணைப்பு இருந்தாலும், இந்த மெஷினின் வைஃபை 2006-ஆம் ஆண்டின் வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும் அந்தக் கால 'ஜி' தரம். கேபிள் இழுத்துச் செருகினால் கொஞ்சம் தேவலை. டவுன்லோட் முடிந்ததும் கேம் தயாராகிவிடாது. கட்டுப்போட்ட கோப்பாக வந்து நிற்கும். அதைப் பிரித்து இன்ஸ்டால் செய்வது தனி வேலை. கட்டும் பிரித்த சரக்கும் ஒரே நேரத்தில் ஹார்டு டிஸ்க்கில் இருந்தாக வேண்டும் என்பதால், 10 ஜிபி கேமுக்கு ஏறக்குறைய 20 ஜிபி காலி இடம் தேவை. தொடக்கத்தில் வந்த மெஷின்களில் மொத்தமே 20 ஜிபி அல்லது 60 ஜிபிதான். பிற்காலத்தில் 12 ஜிபி மட்டும் கொண்ட ஒரு மாடலும் வந்தது.

இன்ஸ்டால் முடிந்து கேமைத் திறந்தால் அப்டேட் கேட்கும். பல கேம்களுக்கு இந்த அப்டேட்கள் சேர்த்துக் கட்டப்பட்டவை அல்ல. ஒன்று இறங்கி, இன்ஸ்டால் ஆகி, அதற்குப் பிறகுதான் அடுத்தது இறங்கும். டிஸ்க்கில் வாங்கியவருக்கும் விடுதலை இல்லை. ப்ளூரே டிரைவ் விநாடிக்கு 9 மெகாபைட் அளவில்தான் படிக்கும் என்பதால், டிஸ்க்கில் இருப்பதில் ஒரு பகுதியை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டு ஓடும்படி பல கேம்கள் எழுதப்பட்டன. 2008-இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட் 4' ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனியாக இன்ஸ்டால் செய்யும். அது முடியும் வரை கதாநாயகன் திரையில் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்பான். 2010-இல் வந்த 'கிரான் டூரிஸ்மோ 5'-இன் முழு இன்ஸ்டாலேஷன் அரை மணி நேரத்துக்கும் மேல் பிடித்தது.

இவ்வளவையும் கேட்பவர் உடனே சொல்லக்கூடிய பதில், 'பழைய மெஷின் என்றால் அப்படித்தான் இருக்கும்' என்பது. எனக்கு இந்தப் பதிலோடுதான் சண்டை. மேலே சொன்ன தொல்லைகளில் இரண்டு வகை உண்டு. டிரைவ் மெதுவாகப் படிப்பதும் வைஃபை திணறுவதும் வயதின் கோளாறு; அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மெஷினைக் கையில் எடுப்பவர் அதைத் தெரிந்தேதான் எடுக்கிறார். கார்டை ஏற்க மறுத்ததும், இணையதளக் கடையிலிருந்து கேம்களை எடுத்ததும், வாங்கிய கேமைத் தொடங்க எங்கோ இருக்கும் சர்வரிடம் அனுமதி கேட்க வைப்பதும் வயதால் வந்தவை அல்ல. அவை நிறுவனம் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவுகள். இந்த இரண்டாவது வகையை முதல் வகையின் கணக்கில் எழுதிவிடுவதால்தான், வாங்கியவர்கள் கேள்வியே கேட்காமல் ஒதுங்கிப் போகிறார்கள். வீட்டு கிரைண்டரின் கல் தேய்ந்தால் கொத்தி வாங்கி மறுபடி மாவாட்டுகிறோம். செய்த கம்பெனி மூடி இருபது வருடம் ஆகியிருந்தாலும் அது ஓடும். விளையாட்டு மெஷினும் காசு கொடுத்து வாங்கிய பொருள்தான்.

பிஎஸ்3 அற்பமான பொருளும் அல்ல. 2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்தது. 2007-இல் இந்தியாவுக்கு வந்தபோது விலை ஏறக்குறைய 40 ஆயிரம் ரூபாய். அன்றைக்கு அது பலருக்குச் சில மாதச் சம்பளம். உலகம் முழுவதும் 8.7 கோடிக்கும் மேல் விற்றது. ஜப்பானில் 2017-இல் உற்பத்தி நின்றது. அதன் உள்ளே இருக்கும் 'செல்' புராசஸர் வேறு எந்த விளையாட்டு மெஷினிலும் பார்க்க முடியாத அமைப்பு: ஒரு முதன்மைக் கோர், அதைச் சுற்றி எட்டுத் துணைக் கோர்கள், அவற்றில் ஆறுதான் கேம்களுக்குக் கிடைக்கும். இந்த அமைப்புக்கென்று பிழிந்து பிழிந்து எழுதப்பட்ட கேம்களை அடுத்த தலைமுறை மெஷின்களில் அப்படியே ஓட்ட முடியவில்லை. பிஎஸ்4-இலும் பிஎஸ்5-இலும் பிஎஸ்3 டிஸ்க்கைப் போட்டால் எதுவும் நடக்காது. இதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை, அது பொறியியல் சிக்கல். ஆனால், அதன் விளைவு என்ன என்று யோசிக்க வேண்டும். 'ரெசிஸ்டன்ஸ்', 'கில்ஸோன் 2', 'மோட்டார்ஸ்டார்ம்' போன்றவற்றை விளையாட பிஎஸ்3 மெஷின்தான் வேண்டும். டோக்கியோவில் மனிதர்களே இல்லாமல் போன பிறகு விலங்குகளாகப் பிழைத்துத் திரியும் 'டோக்கியோ ஜங்கிள்' ஜப்பானில் டிஸ்க்காக வந்தது. மேற்கு நாடுகளில் டவுன்லோடாக மட்டுமே விற்கப்பட்டது. அப்படி விற்ற கேம்களுக்கு அந்த மெஷினின் கடைதான் முகவரி.

வெளிநாட்டில் ஒரு மாற்று வழியாவது உண்டு. அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பாவின் பல நாடுகளில் ப்ளேஸ்டேஷன் ப்ளஸ் சந்தாவின் உயர் அடுக்கான 'பிரீமியம்' எடுத்தால், சில நூறு பிஎஸ்3 கேம்களை நிறுவனத்தின் சர்வரில் ஓடவிட்டு, படத்தை மட்டும் இணையம் வழியாக வீட்டுக்கு வரவழைத்து விளையாடலாம். இந்தியாவில் 2022-இல் இந்தச் சந்தா வந்தபோது நமக்குக் கிடைத்தது 'டீலக்ஸ்' என்ற அடுக்கு. அதில் அந்த ஸ்ட்ரீமிங் வசதி கிடையாது. ஆகவே, சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் ஒருவருக்கு இந்தக் கேம்களை முறையாக விளையாடும் வழி பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: செகண்ட் ஹேண்டில் ஒரு பிஎஸ்3, அதற்கொரு டிஸ்க் அல்லது அந்த மெஷினுக்குள்ளேயே இருக்கும் கடை. முறையான வழி இவ்வளவு முட்கள் நிறைந்ததாக இருந்தால், முறையற்ற வழிக்கு ஆட்களை அனுப்பிவைப்பது யார்? பர்மா பஜாரில் ஒரு காலத்தில் பிஎஸ்2 டிஸ்க்குகள் கூறு கட்டி விற்றதைப் பார்த்தவர்கள், நம் ஊர்க்காரர்கள் காசு கொடுக்க மாட்டார்கள் என்று சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. காசை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளாத கடை இருக்கும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

2021 மார்ச் இறுதியில் சோனி இன்னும் ஒருபடி மேலே போனது. பிஎஸ்3, பிஎஸ்பி கடைகள் ஜூலை 2-ஆம் தேதியும், கையடக்க மெஷினான வீட்டாவின் கடை ஆகஸ்ட் 27-ஆம் தேதியும் மூடப்படும் என்று அறிவித்தது. உலகமெங்கும் விளையாடுவோர் கொதித்தார்கள். மூன்று வாரத்தில், ஏப்ரல் 19 அன்று, ப்ளேஸ்டேஷன் பிரிவின் அப்போதைய தலைவர் ஜிம் ரயன் அது தவறான முடிவு என்று ஒப்புக்கொண்டு, பிஎஸ்3, வீட்டா கடைகள் தொடரும் என்று அறிவித்தார். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால், அதே ஆண்டு அக்டோபரில்தான் கார்டு வசதி நிறுத்தப்பட்டது. கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியை எடுத்துவிட்டால், நாளைக்குக் கதவை மூடும்போது 'யாருமே வருவதில்லை' என்று காரணம் காட்ட வசதியாகிவிடும். அந்த நாளை நினைத்து நான் உண்மையாகவே அஞ்சுகிறேன்.

மற்ற நிறுவனங்கள் அந்த நாளைக் கடந்துவிட்டன. நின்டெண்டோ தன் வீ மெஷினின் கடையை 2019 ஜனவரி 30 அன்று மூடியது. 3டிஎஸ், வீ யூ கடைகளை 2023 மார்ச் 27 அன்று மூடியது. மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலை 29 அன்று எக்ஸ்பாக்ஸ் 360 கடையை மூடியது. எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களில் பல புதிய எக்ஸ்பாக்ஸ் மெஷின்களிலும் ஓடும்படி அந்த நிறுவனம் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. மூவரில் இதைச் செய்தது அவர்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். 3டிஎஸ்-க்கு இன்னொரு சிக்கலும் உண்டு: ஜப்பான் மெஷினில் அமெரிக்கக் கேம் ஓடாது, அமெரிக்க மெஷினில் ஐரோப்பியக் கேம் ஓடாது. கடை மூடிய பிறகு செகண்ட் ஹேண்டில் கேம் தேடுபவர்களுக்கு இந்த எல்லைக்கோடு பெரிய சுமை.

ஏற்கெனவே வாங்கியவற்றைத் தொடர்ந்து டவுன்லோட் செய்யலாம் என்று எல்லா நிறுவனங்களும் சொல்கின்றன. இப்போதைக்கு அது உண்மை. எவ்வளவு காலத்துக்கு என்று தேதி போட்டு எவரும் எழுதித் தருவதில்லை. பிஎஸ்3-இன் டவுன்லோட் பட்டியலைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த வாக்குறுதியின் தரம் தெரியும். தேடும் வசதி கிடையாது. வாங்கிய வரிசையில் எல்லாம் ஒரே நீளப் பட்டியல். கேம், அதன் டெமோ, அதற்கு வாங்கிய ஓர் உடை, ஓர் இலவச வால்பேப்பர் என எல்லாம் கலந்து கிடக்கும். பத்தாண்டுகளுக்கு முன் வாங்கியதைத் தேட, கொஞ்சம் கொஞ்சமாகத் திரையில் நிரம்பும் அந்தப் பட்டியலின் அடி வரை இறங்கிப் போக வேண்டும். 2022 ஏப்ரலில் இன்னொரு கூத்து நடந்தது. பழைய கேம்கள் சில, 1969 டிசம்பர் 31 அன்றே காலாவதியாகிவிட்டதாகத் திரை காட்டுகிறது, டவுன்லோட் ஆகவில்லை என்று பிஎஸ்3, வீட்டா வைத்திருப்பவர்கள் புகார் செய்தார்கள். கம்ப்யூட்டர் உலகில் காலம் 1970 ஜனவரி 1-இலிருந்து எண்ணப்படுகிறது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்தால், அமெரிக்க நேரப்படி அது 1969-இன் கடைசி நாளாகத் தெரியும். எங்கோ ஒரு சர்வரில் ஓர் எண் தவறினால், நியாயமாகக் காசு கொடுத்தவரின் பொருள் செல்லாததாகிவிடுகிறது.

இதையெல்லாம் சரிசெய்ய முடியாதா? முடியும் என்பதற்கு சோனியே சாட்சி. பிஎஸ்4-க்குள் கடிகாரத்துக்காக ஒரு சிறிய பட்டன் பேட்டரி இருக்கிறது. அது செத்து, இணைய இணைப்பும் இல்லாமல் போனால் கேம்கள் தொடங்கவே மறுத்தன. நாளைக்கு சர்வர்கள் நிறுத்தப்பட்டால், உலகத்தில் உள்ள ஒவ்வொரு பிஎஸ்4-உம் அதன் பேட்டரி சாகும் நாளில் முடங்கிவிடும் என்று 2021-இல் ஆர்வலர்கள் எச்சரித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட்டுக்குப் பிறகு அந்தச் சிக்கல் இல்லை. மென்பொருளில் செய்த ஒரு திருத்தம் ஒரு தலைமுறை மெஷின்களுக்கே ஆயுள் கொடுத்துவிட்டது.

பிஎஸ்3-க்கும் அதைத்தான் கேட்கிறேன். கடையைக் காலகாலத்துக்கும் நடத்துங்கள் என்று கேட்பது நியாயமில்லை. சர்வருக்கு மின்சாரம், பராமரிப்பு, பாதுகாப்பு என்று செலவு இருக்கிறது. பழைய மென்பொருளில் கார்டு விவரங்களைப் பெறுவதில் ஆபத்தும் இருக்கிறது. 2011-இல் ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் 7.7 கோடி அக்கவுன்ட்களின் விவரங்கள் திருடு போய், சேவை மூன்று வாரங்களுக்கும் மேல் நின்ற அனுபவம் அந்த நிறுவனத்துக்கு உண்டு. அதனால் கார்டை நிறுத்தியதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அதற்கு ஈடாக இணையதளக் கடையில் பிஎஸ்3 கேம்களைத் திரும்ப வைத்திருக்கலாம் என்பதே என் வாதம். இணையதளத்தில் வாங்கி, மெஷினில் இறக்கிக்கொள்வது 2020 வரை நடைமுறையில் இருந்த வழிதான்.

மூடும் நாள் வந்தே தீரும் என்றால், அதற்கு முன் ஒரு கடைசி அப்டேட் வர வேண்டும். வாங்கிய கேம்களை சர்வரின் அனுமதி கேட்காமல் தொடங்கும்படி அது மெஷினை விடுவிக்க வேண்டும். இப்போது ஓர் அக்கவுன்ட்டின் கேம்களை இரண்டு பிஎஸ்3-களில்தான் ஓட்டலாம். 2011 நவம்பருக்கு முன் ஐந்தாக இருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். மெஷின் ஒன்று மஞ்சள் விளக்கு எரிந்து செத்துப்போனால், சர்வரில் அதன் பதிவை நீக்கித்தான் இன்னொன்றைச் சேர்க்க முடியும். சர்வர் இல்லாத நாளில் அதை யார் நீக்குவது? ஹார்டு டிஸ்க்கை எடுத்து இன்னொரு பிஎஸ்3-இல் போடவும் வழியில்லை. ஒவ்வொரு மெஷினும் தனக்கே உரிய சாவியால் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிறது. வேறொரு மெஷின் அதைப் பார்த்ததும் முழுவதையும் அழித்து ஃபார்மேட் செய்யச் சொல்லும்.

கேம்களின் அப்டேட்களையும் கோப்புகளாக வெளியிட வேண்டும். மெஷினுக்கான அடிப்படை மென்பொருளை சோனி ஏற்கெனவே அப்படித்தான் தருகிறது. பென் டிரைவில் 'பிஎஸ்3' என்றொரு ஃபோல்டர், அதற்குள் 'அப்டேட்' என்றொரு ஃபோல்டர், இரண்டும் பெரிய எழுத்தில். அதற்குள் கோப்பைப் போட்டுச் செருகினால் மெஷின் எடுத்துக்கொள்ளும். புது ஹார்டு டிஸ்க் மாற்றும் ஒவ்வொருவரும் இப்படித்தான் செய்கிறார்கள். கேம்களின் அப்டேட்களுக்கும் இதே வழி திறந்தால், டிஸ்க் வைத்திருப்பவரின் கேம் பிழைகளோடு பாதியில் நிற்காது.

நிறுவனங்கள் தாமாக இதைச் செய்யும் என்று காத்திருக்க முடியாது என்பதை மற்ற நாடுகள் உணரத் தொடங்கியுள்ளன. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தின்படி, பின்னர் திரும்பப் பெறக்கூடிய உரிமத்தை மட்டும் தந்துவிட்டு அதை 'வாங்குங்கள்' என்று சொல்லி விற்க முடியாது. இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியதும், வாங்கியவர்களின் டிஸ்க்குகள் பயனற்றுப் போயின. அதிலிருந்து பிறந்த இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் மனுவுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டியது. மறுபக்கம், நூலகங்கள் தங்களிடம் உள்ள பழைய கேம்களை ஆய்வாளர்களுக்கு இணையம் வழியாகக் காட்ட அனுமதி கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொன்ன பிறகும் இந்த மறுப்பு.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் சற்றே தாராளமானது. ஆனால், பாதி வழியில் நிற்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை முறையாக வைத்திருப்பவர் அது அழிந்துபோகாமல் இருக்கக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு டிஜிட்டல் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது, ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கம் இருந்தால்தான். அதே திருத்தம், லாப நோக்கமற்ற பொது நூலகங்கள் ஒரு படைப்பைப் பாதுகாக்க மின்வடிவில் சேமிக்கலாம் என்றும் அனுமதித்தது. நிபந்தனை, அந்த நூலகத்திடம் டிஜிட்டல் அல்லாத பிரதி ஏற்கெனவே இருக்க வேண்டும். புத்தகத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட வரி இது. டவுன்லோடாக மட்டுமே பிறந்த ஒரு கேமுக்கு டிஜிட்டல் அல்லாத பிரதி எங்கிருந்து வரும்?

பிரான்ஸில் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளியாகும் வீடியோ கேம்களின் பிரதி தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேருகிறது. ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் 2000 அக்டோபரிலிருந்து டிஸ்க், கேட்ரிட்ஜ் வடிவக் கேம்களையும் பெற்று வருகிறது. இந்தியாவில் 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் இருக்கிறது. இங்கே அச்சாகும் ஒவ்வொரு நூலும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் போக வேண்டும். இந்தியாவில் கேம் எழுதும் ஸ்டூடியோக்கள் பெருகிவிட்டன. அவர்கள் எழுதுவதும் ஏதோ ஒரு நிறுவனத்தின் கடை வழியாக, ஏதோ ஒரு சர்வரின் அனுமதியோடுதான் வெளியாகிறது. நூல் ஒப்படைப்புச் சட்டத்தில் நூலுக்கும் செய்தித்தாளுக்கும் அடுத்து மென்பொருளையும் கேமையும் சேர்ப்பதும், பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 'டிஜிட்டல் அல்லாத பிரதி' என்ற நிபந்தனையை எடுப்பதும் நாடாளுமன்றம் ஒரே திருத்த மசோதாவில் செய்துவிடக்கூடிய வேலை. கூடவே, டிஜிட்டல் பொருளை இந்தியாவில் விற்கும் நிறுவனம், சேவையை நிறுத்தும் முன் அதை சர்வர் இல்லாமல் ஓடும்படி செய்து தர வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் மின்வணிக விதிகளில் ஒரு விதியைச் சேர்க்கலாம். அந்த விதிகள் 2020-இல் வந்தவை. அவற்றில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிஎஸ்3 கடை இன்னும் திறந்திருக்கும் இந்த நேரத்தில் அந்த வரியை எழுதத் தொடங்கினால், அது மூடும் முன் முடித்துவிடலாம்.